பாலாற்றின் கடனை யார் அடைப்பது?

இன்று அறிஞர் அவைகளிலும் அரசு அறிக்கைகளிலும் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்னும் சொல்லாட்சி அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறோம். எடுத்ததைப் பயன்படுத்தி எறிந்துவிடாமல், கழிவையே மீண்டும் மூலப்பொருளாக்கித் தொழிலுக்குள் திருப்புவதே அதன் உட்பொருளாகும். இக்கொள்கையை மறுப்பார் எவருமிலர். ஆயினும், அதற்காகும் செலவை ஏற்பவர் யார் என்று வினவினால் அவையில் அமைதி சூழ்ந்துவிடுகிறது. இவ்வினாவுக்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகையெங்கும் பரவியுள்ள தோல் பதனிடும் தொழிலே தக்க சான்றாக நிற்கிறது.

இத்தொழில் பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பை எரியச் செய்தது. இவ்வட்டாரத்துக் கல்விக்கூடங்கள் பல தோல் வணிகப் பெருமக்களின் கொடையால் எழுந்தவை. அதே தொழிலின் கழிவுநீர்தான் உழவர்தம் கிணறுகளையும் கெடுத்தது. இவ்விரண்டும் உண்மை; ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது அறமாகாது.

முற்காலத்தில் ஆவாரம்பட்டை முதலான மரப்பட்டைகளைக் கொண்டே தோல் பதனிடப்பட்டது. 1970களின் தொடக்கத்தில், அந்நியச் செலாவணியை மிகுதியாக ஈட்டும் நோக்குடன், அரைப்பதத் தோலின் ஏற்றுமதியை நடுவணரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கப்பட்ட தோலை ஊக்குவித்தது. குரோமிய உப்பால் பதனிடும் முறை அதன் பின்னர் விரைந்து பெருகியது. அம்மாற்றத்தின் ஆதாயத்தில் ஆலைக்குப் பங்கு உண்டு, நாட்டுக்கும் உண்டு. நட்டம் மட்டும் ஆற்றின்மேலும் உழவர்மேலும் சுமத்தப்பட்டது. வேறுவிதமாகச் சொன்னால், கேளாமலே அவர்களிடம் பெற்ற கடன் அது.

அக்கடனை நினைவூட்டியது 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ்பட்டதையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அது நிலைநாட்டியது. 2025 சனவரி 30 அன்றும் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோர்க்குரிய இழப்பீட்டை அரசே வழங்கி, அத்தொகையை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்குமாறு ஆணையிட்டது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ முப்பதாண்டுகள்! நெறி வகுக்கப்பட்டும் கடன் தீரவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பணமே வரவில்லையா எனில், அப்படியன்று. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைக்க 1991-இல் வகுக்கப்பட்ட திட்டத்தின்படி நடுவணரசு 25 விழுக்காடும், மாநில அரசு 25 விழுக்காடும் மானியமாக அளித்தன. எஞ்சியதை வங்கிக்கடனும் ஆலையாளர் பங்கும் ஈடுசெய்தன. 2012-இல் நடுவணரசின் பங்கு 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஆனால் இம்மானியங்கள் நிலையத்தைக் கட்டுவதற்கே. அதனை நாள்தோறும் இயக்கும் மின்சாரத்திற்கும் எரிபொருளுக்கும் எஞ்சும் சேற்றை அகற்றுவதற்கும் ஆகும் செலவே தீராச் சுமையாகிறது. கட்டுவதற்குக் கிடைத்த பணம் நடத்துவதற்குக் கிடைக்கவில்லை. குறை இங்கேதான் உள்ளது என்பது நம் கருத்து.

இதனை இரு பொருள்களைக் கொண்டு விளக்கலாம். முதலாவது குரோமியம். வழக்கமான முறையில் இடப்படும் குரோமியத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடே தோலில் பற்றுகிறது. எஞ்சியது நீரோடு போகிறது. அந்நீரைத் தனியே பிரித்து, மக்னீசியம் ஆக்சைடு இட்டுக் குரோமியத்தைப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்தால் அது மீண்டும் பதனிட உதவும். சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் நெடுங்காலம் உழைத்துள்ளது. மீட்ட குரோமியம் வாங்கும் செலவைக் குறைப்பதால், இதற்கிட்ட முதல் காலப்போக்கில் திரும்பிவரும். எனவே இதற்குக் கடன் பொருந்தும்.

இரண்டாவது உப்பு. பச்சைத்தோல் கெடாதிருக்க இடப்படும் உப்பு, ஊறவைக்கும் நீரில் கரைந்து வெளியேறுகிறது. அதனைப் பிரிக்கச் சவ்வு வடிகட்டிகளும், நீரை ஆவியாக்கும் கொதிகலன்களும் வேண்டும். இறுதியில் எஞ்சுவதோ வாங்குவாரற்ற கலப்பு உப்பு. இதிலிட்ட பணம் திரும்பி வாராது. இதற்கும் கடனையே கொடுத்தால், சிறு ஆலையாளர் வட்டிக்கு அஞ்சி நிலையத்தை நிறுத்துவார். அல்லது இரவில் கழிவைத் திறந்துவிடுவார். கழிவைத் தேக்கி வைப்பதும் தீர்வாகாது. 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் சேற்றுத்தொட்டியின் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர் உயிரிழந்ததை எவ்வாறு மறப்போம்?

திருப்பூர்ச் சாயத்தொழில் நமக்கு ஒப்புநோக்கத் தக்கது. சென்னை உயர்நீதிமன்றம் 2011 சனவரியில் சாய ஆலைகளை மூட ஆணையிட்ட பின்னர், தமிழ்நாட்டரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் வழங்க முன்வந்தது. அங்கே மீட்கப்படும் உப்புநீர் மீண்டும் சாயமிடவே பயன்படுகிறது. கழிவுக்குப் பயன் பிறந்தால் சுழற்சி தானே ஓரளவு நிலைபெறும். தோலின் கலப்பு உப்புக்கு அத்தகைய பயன் இன்னும் வாய்க்கவில்லை.

ஆகவே நாம் முன்வைப்பன மூன்று. முதலாவதாக, குரோமிய மீட்பு போன்று முதல் திரும்பும் பணிகளுக்குச் சுழல்நிதி ஒன்று வேண்டும். ஒருவர் திருப்பிச் செலுத்துவது அடுத்த சிறு ஆலையாளர்க்குச் செல்ல வேண்டும். வட்டியின்றி, இலாப நட்டங்களில் பங்கேற்கும் கூட்டு முதலீடு நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. இரண்டாவதாக, உப்பை அகற்றும் நடைமுறைச் செலவுக்கு, ஏற்றுமதியாகும் ஒவ்வொரு சதுர அடித் தோலின்மீதும் ஒரு சிறு தொகை ஒதுக்கப்பட வேண்டும். கூலிக்குப் பதனிடும் சிற்றாலையிடம் இதனைக் கேட்பது முறையன்று. தோலுக்கு உரியவரே செலுத்த வேண்டும். மூன்றாவதாக, உழவர்க்குரிய இழப்பீடு இவ்விரண்டிற்கும் முன்னதாகத் தீர்க்கப்பட வேண்டும்.

விலை கூடினால் அயல்நாட்டு வணிகர் வேறு நாடு தேடிச் செல்வர் என்பர் சிலர். அவ்வச்சத்தைப் புறந்தள்ளுவதற்கில்லை. ஏற்றுமதியாளர் அனைவரும் ஒருமித்து ஏற்றாலன்றி இது நடவாது. தூய்மைக்குச் சான்றிதழ் கேட்கும் வணிகரிடம் தூய்மைக்குரிய விலையையும் கேட்க நமக்கு உரிமையுண்டு. ஆலை மூடப்பட்டால் வரும் நட்டமோ இதனினும் பெரிது.

இத்தொழிலின் கனியை உண்டு வளர்ந்த கல்விக்கூடங்களுக்கும் இதில் கடமையுண்டு. கலப்பு உப்புக்குப் பயன் காண்பது வேதியியல் மாணவரின் ஆய்வுப்பொருளாகட்டும். செலவுப் பங்கீட்டைக் கணக்கிடுவது வணிகவியல் மாணவரின் பணியாகட்டும். கிணறிழந்த உழவரின் குரலைப் பதிவு செய்வது தமிழ் மாணவரின் தொண்டாகட்டும். சமுதாயப் பெரியோர் ஏற்றுமதியாளரை ஓரவையில் கூட்டி, இந்நிதிக்கு வித்திட முன்வருவார்களாக.

ஆற்றிடம் பெற்ற கடனுக்கு ஆறு வழக்காடாது. நாமே கணக்கு வைத்து, நாமே அடைக்க வேண்டிய கடன் அது.