மாறாத குணம் என்னும் பொய்

தோழி ஃபோனை எடுக்கவில்லை என்றால் ஒருத்திக்கு உலகமே கைவிட்டுவிட்டதாகத் தோன்றுகிறது. காலையில் உயிராக இருந்தவர் சாயங்காலத்துக்குள் எதிரியாகிவிடுகிறார். ஆத்திரமும் வெறுமையும் தாங்காமல் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறாள். "சீன் போடுறா" என்கிறது வீடு. "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்கிறாள் அத்தை. கடைசியில் மனநல மருத்துவரிடம் போனால், சிலர் சீட்டில் ‘பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு’ என்று எழுதிவிட்டு, அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "இது அவங்க சுபாவம்மா, மாறாது. நீங்கதான் அனுசரிச்சுப் போகணும்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

அத்தை சொன்னது அறியாமை. படித்தவர் ‘மாறாது’ என்று சொன்னால் அதற்கு அந்தச் சலுகை கிடையாது, ஏனென்றால் அவர் சொல்வது பொய்யென்று நிரூபணமாகி வெகுகாலமாகிறது.

அமெரிக்காவில் பாஸ்டனை அடுத்துள்ள மெக்லீன் மருத்துவமனையில் 1992இல் மேரி ஜனரினியின் குழு ஓர் ஆய்வைத் தொடங்கியது. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நோய் முற்றிய 290 பார்டர்லைன் நோயாளிகளை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பேட்டி கண்டார்கள். பத்து ஆண்டுகளுக்குள் 93 சதவீதம் பேருக்குக் குறைந்தது இரண்டு வருடமாவது தொடர்ந்து நோய் தணிந்திருந்தது. வேலை, உறவு என்று வாழ்க்கை முழுதாக நிமிர்ந்தவர்கள் ஏறக்குறையப் பாதிப்பேர்தான். நிமிராத மறுபாதியையும் சேர்த்தே சொல்கிறேன். மாற்றம் எளிது என்பதல்ல என் வாதம். மாறவே மாறாது என்று கைவிரிக்க யாருக்கும் உரிமையில்லை என்பதுதான்.

மார்ஷா லினஹானை எடுத்துக்கொள்ளுங்கள். 1961இல், 17 வயதில், தன்னைத்தானே வதைத்துக்கொண்ட பெண்ணாக மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டவர். பின்னாளில் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, இந்தக் கோளாறுக்கு டிபிடி என்னும் சிகிச்சை முறையை உருவாக்கி, 1991இல் அதன் முதல் ஆய்வு முடிவை வெளியிட்டார். தன் கதையை வெளியே சொல்ல அவருக்கு 2011 வரை ஆனது. அத்தனை வருடம் வாயடைக்க வைத்த அவமானத்தைத்தான் நாம் இன்றும் நம் பிள்ளைகள் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

அவருடைய சிகிச்சை வெறும் ஆறுதல் பேச்சு அல்ல. நோயாளி தினமும் ஓர் அட்டையை நிரப்ப வேண்டும்: இன்று கோபம் எவ்வளவு, வருத்தம் எவ்வளவு, காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் பூஜ்யத்திலிருந்து ஐந்துக்குள் எத்தனை, கற்ற உத்திகளில் எதைப் பயன்படுத்தினாய். தெரபிஸ்ட் அந்த அட்டையிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார். செவ்வாய் இரவு ஐந்து என்றிருந்தால், அதற்கு முன் யார் என்ன சொன்னார், உடம்பில் என்ன நடந்தது, எந்த இடத்தில் வேறு வழி இருந்தது என்று கண்ணி கண்ணியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். தனி அமர்வு போக, வாராவாரம் குழுப் பயிற்சியும் உண்டு. பொதுவாக ஒரு வருடம் ஆகும்.

நம் வீடுகளிலோ நாலு சிட்டிங்கில் "பாத்தாச்சு, பலனில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். பிரிட்டனின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இந்தக் கோளாறுக்கு மூன்று மாதத்துக்கும் குறைந்த பேச்சு சிகிச்சை கூடாது என்றே சொல்கிறது. இதற்கென்று தனியாக மாத்திரை தருவதையும் ஏற்கவில்லை. (கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து வேண்டியிருக்கலாம், அது வேறு.) அரைகுறையாக நிறுத்தியவர்களின் தோல்வியே ‘மாறாது’ என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. மாறாது என்று நம்புவதால் அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு மணி நேரம் கேட்டு யாரும் குரல் எழுப்புவதில்லை. தனியாரிடம் வாராவாரம் பணம் கட்ட முடியாதவர்கள் பாதியில் உதிர்ந்துபோகிறார்கள்.

ஆகவே தெரபிஸ்டைத் தேடுகிறவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு உண்டா? ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்கு இதற்கு முன் சிகிச்சை தந்திருக்கிறீர்களா? எந்த முறையில், எத்தனை மாதம்? நடுராத்திரியில் நெருக்கடி வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்? நேராகப் பதில் சொல்கிறவரிடம் போங்கள். "இதெல்லாம் சுபாவம்" என்கிறவரிடமிருந்து எழுந்து அடுத்தவரைத் தேடுங்கள். தேடி முடிக்கும்வரை தாங்க முடியாத இரவுகள் வந்தால், அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.