நலன்புரி அரசும் அரசியல் யாப்பு மயக்கமும்

டென்மார்க், சுவீடன், நோர்வே, பின்லாந்து ஆகிய நான்கு நாடுகளையும் ஒரே மூச்சிற் கூறி, 'ஸ்கண்டிநேவிய முறை' எனப் பெயரிட்டுப் போற்றுவது அரசியல் பயில்வோரிடையே நெடுங்கால வழக்காகும். அந்நாடுகளிலே முதியோர்க்கு ஓய்வூதியமும், நோயுற்றோர்க்கு மருத்துவமும், வேலையிழந்தோர்க்கு உதவியும் கிடைப்பதற்கு அவற்றின் அரசியல் யாப்பின் சிறப்பே காரணம் என்று கூறுவோர் பலர். அந்த யாப்பினைப் பெயர்த்து நட்டால் எந்நாட்டிலும் அதே கனி பழுக்கும் என்பது அவர்தம் துணிபு. இத்துணிபு எத்துணைத் தவறானது என்பதை அந்நாடுகளின் வரலாறே காட்டும்.

முதலாவதாக, பெயர்த்து நடுவதற்கு அங்கே ஒரு யாப்பு இல்லை, நான்கு உள. மூன்று நாடுகள் முடியாட்சிகள், பின்லாந்து குடியரசு. நோர்வேயின் யாப்பு 1814 இல் எழுந்தது. அந்நாட்டுப் பாராளுமன்றத்தை நான்காண்டு முடியுமுன் எவராலும் கலைக்க முடியாது. டென்மார்க்கிலோ பிரதமர் தாம் விரும்பிய வேளையில் தேர்தலுக்குச் செல்லலாம். பின்லாந்து 1906 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தினால் ஒற்றைச் சபையைப் பெற்றது. டென்மார்க் 1953 இலும், சுவீடன் 1971 இலுமே அந்நிலையை எய்தின. டென்மார்க்கில் அமைச்சர் தம் துறை நிருவாகத்துக்குத் தாமே தலைவர். சுவீடனிலோ அரசாங்கம் கூட்டாகவே முடிவெடுக்கும். தனியொருவரின் விடயத்தில் அரச நிறுவனம் எவ்வாறு தீர்மானிக்க வேண்டும் என அமைச்சர் கட்டளையிட முடியாது. பின்லாந்தின் 1919 ஆம் ஆண்டு யாப்பு ஜனாதிபதிக்குப் பேரதிகாரம் வழங்கிற்று; கெக்கோனன் 1956 முதல் 1982 வரை அதனைத் தயங்காது கையாண்டார்; 2000 ஆம் ஆண்டின் யாப்பு அவ்வதிகாரத்தைப் பெரிதும் குறைத்தது. சுவீடன் மன்னருக்கோ 1974 ஆம் ஆண்டின் யாப்பு அரசாங்கம் அமைப்பதிற்கூட இடமளிக்கவில்லை. பிரதமரைப் பிரேரிப்பவர் சபாநாயகரே. இத்துணை வேறுபட்ட மரங்களில் ஒரே கனி பழுத்ததாயின், அதன் காரணத்தை வேறிடத்திலேதான் தேடல் வேண்டும்.

விகிதாசாரப் பிரதிநிதித்துவம் நான்கு நாடுகளுக்கும் பொதுவானது. அதுவே காரணம் எனச் சிலர் வாதிப்பர். இது பாதி உண்மை. தனிக்கட்சிப் பெரும்பான்மையை அம்முறை அரிதாக்கிற்று. இணக்கங் காணும் தேவையை உண்டாக்கிற்று. ஆயினும் 1921 அளவில் நான்கு நாடுகளிலும் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. அடுத்த பத்தாண்டில் பெரும்பாலும் விளைந்தவை குறுகிய ஆயுளுடைய அரசாங்கங்களும் கடுமையான வேலைநிறுத்தங்களுமே. 1931 இல் சுவீடனின் ஓடாலன் பகுதியில் ஊர்வலஞ் சென்ற தொழிலாளரை நோக்கி இராணுவம் சுட்டதில் ஐவர் மாண்டனர். தேர்தல் முறை வாயிலைத் திறந்துவைத்தது. அதனூடே நடந்து செல்ல மனிதர் முன்வர வேண்டியிருந்தது.

அவர்கள் முன்வந்தது 1933 இல். அவ்வாண்டு சனவரி 30 ஆம் நாள் டென்மார்க் பிரதமர் ஸ்டவுனிங்கின் இல்லத்திலே தொழிலாளர் கட்சியும் விவசாயிகளின் கட்சியும் உடன்பட்டன. நாணயப் பெறுமதியிறக்கம் விவசாயிக்கு. சமூகச் சீர்திருத்தம் தொழிலாளிக்கு. அதே நாளிலேதான் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிப்பீடம் ஏறினார் என்பது மறக்கற்பாலதன்று. அவ்வாண்டே சுவீடனிலும் விளைபொருளுக்கு விலையாதரவும் வேலையற்றோர்க்குச் சந்தைக் கூலியிற் பொதுவேலைகளும் பேரமாகப் பேசி முடிக்கப்பட்டன. 1935 இல் நோர்வேயும் 1937 இல் பின்லாந்தும் அவ்வழியே சென்றன. இவற்றுள் எதுவும் யாப்பின் கட்டளையன்று. அமைப்பாகத் திரண்ட இரு வர்க்கங்கள் ஒன்றையொன்று வீழ்த்த இயலாது என உணர்ந்து செய்துகொண்ட உடன்பாடு.

'அவர்கள் ஓரினத்தவர், ஒருமொழியினர். அவர்களுக்கு இணக்கம் எளிது' என்போர்க்குப் பின்லாந்தே விடை. மூன்று மில்லியன் மக்களைக் கொண்டிருந்த அந்நாட்டில் 1918 ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் 36,000 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மறு ஆண்டு எழுந்த யாப்பு பின்னிய மொழியையும் சிறுபான்மையினரின் சுவீடிய மொழியையும் ஒருங்கே தேசிய மொழிகளாக ஏற்றது. தோற்ற தரப்பின் கட்சியும் வென்ற தரப்பில் நின்ற விவசாயிகளின் கட்சியும் 1937 இல் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தன. அவ்வாண்டே தேசிய ஓய்வூதியச் சட்டமும் பிறந்தது. அங்கே இணக்கம் இயல்பாக வாய்த்ததன்று. இரத்தத்தின் பின் கற்றுக்கொள்ளப்பட்டது.

கற்றது கைவிட்டும் போகலாம். 2007 இல் சுவீடன் அரசாங்கம் வேலையின்மைக் காப்புறுதிச் சந்தாவை உயர்த்தும் வழியை மேற்கொண்டபோது, தொழிற்சங்கங்கள் பெருந்தொகையான உறுப்பினரை இழந்தன. அதற்கு யாப்புத் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை. நலன்புரி அரசை யாப்பு ஈன்றதுமில்லை. அதன் தூண்கள் தளரும்போது யாப்பு வந்து தாங்குவதுமில்லை. நல்ல யாப்பு வேண்டாமென்பதன்று இதன் பொருள். உழைப்போர் திரளாத நாட்டில், வலியோர் விட்டுக்கொடுக்க நிர்ப்பந்திக்கப்படாத நாட்டில், அயலவரின் யாப்பு வெறுங் காகிதமே. அதனை இரவல் வாங்க எண்ணுவோர், அதற்கு முன் அந்நாட்டு மக்கள் செலுத்திய விலையைப் படித்தறிவாராக.