‘ஃபீவர்’ சரி… யாருக்கு? - இங்கிலீஷ் மெசேஜில் காணாமல் போகும் எழுவாய்!

காலை எட்டு மணி. நாலாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ராத்திரி முழுக்கக் காய்ச்சல். அம்மா, கிளாஸ் மிஸ்ஸுக்கு வாட்ஸ்அப்பில் டைப் செய்கிறார். “குட்மார்னிங் மிஸ். ஹேவிங் ஃபீவர். டுடே நாட் கமிங்.”

இரண்டே நிமிடத்தில் பதில் வருகிறது. “உடம்பைப் பார்த்துக்கோங்க மேடம். பாப்பா வேன்ல வந்துடுவாளா?”

காய்ச்சல் அம்மாவுக்குத்தான் என்று மிஸ் நினைத்துவிட்டார். “இனிமே மெசேஜ் எல்லாம் நீங்களே போடுங்க” என்று போனை கணவரிடம் நீட்டிவிட்டு கிச்சனுக்குள் போய்விடுகிறார் அம்மா. பல வீடுகளில் இங்கிலீஷ் இப்படித்தான் கைமாறிப்போகிறது.

உண்மையில் அவருக்குத் தெரியாதது இங்கிலீஷ் வார்த்தைகள் இல்லை. தமிழ் வாக்கியத்தை அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டுபோனதுதான் சிக்கல்.

‘சப்ஜெக்ட்’ என்றதும் நமக்கு கணக்கு, அறிவியல்தான் ஞாபகம் வரும். இலக்கணத்தில் அது எழுவாய். யாரைப் பற்றி, எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது. அதைப் பற்றி என்ன சொல்கிறோமோ அந்த மிச்சம் மொத்தமும் ‘பிரெடிகேட்’, அதாவது பயனிலைப் பகுதி. வினைச்சொல் மட்டும்தான் பிரெடிகேட் என்று நினைக்க வேண்டாம்.

தமிழில் “வந்தாள்” என்றால் போதும். வந்தது ஒரு பெண் என்பதை அந்த ‘ஆள்’ விகுதியே சொல்லிவிடும். ‘அவள்’ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. இதைத்தான் பள்ளியில் ‘தோன்றா எழுவாய்’ என்று படித்தோம். இங்கிலீஷில் அந்த வசதி கிடையாது. ஐ கேம், யூ கேம், ஷி கேம், தே கேம்… எல்லாவற்றுக்கும் அதே ‘கேம்’தான். வந்தது யார் என்று வினைச்சொல் காட்டிக்கொடுக்காது. அதனால் எழுவாய் நேரில் வந்து நின்றே ஆகவேண்டும்.

சொல்ல ஆளே இல்லாவிட்டாலும் அந்த நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பதுதான் இங்கிலீஷின் பிடிவாதம். “இட் இஸ் ரெய்னிங்” என்பதில் அந்த ‘இட்’ எது? எதுவுமே இல்லை. சும்மா இடம் பிடிக்க உட்கார வைத்த சொல்!

வினைச்சொல் விஷயத்திலும் இதே கறார்தான். “அப்பா டிரைவர்” என்பது தமிழில் முழு வாக்கியம். இங்கிலீஷில் ‘இஸ்’ வராமல் அது நிற்காது. “மை ஃபாதர் இஸ் எ டிரைவர்.”

இன்னொரு இடமும் வழுக்கும். “பாப்பாவுக்குக் காய்ச்சல்” என்றால் தமிழில் எழுவாய் காய்ச்சல். பாப்பா ‘கு’ உருபோடு ஓரமாக நிற்கிறாள். இங்கிலீஷில் அவள்தான் முன்னால் வரவேண்டும். “மை டாட்டர் ஹேஸ் எ ஃபீவர். ஷி வில் நாட் கம் டுடே.” இப்படி அனுப்பியிருந்தால் மிஸ்ஸுக்குக் குழப்பம் வந்திருக்காது.

சரி, குழந்தைக்கு இதை எப்படிச் சொல்லித்தருவது? அமெரிக்காவில் அலோன்சோ ரீட், பிரெய்னர்ட் கெல்லாக் என்ற இரண்டு ஆசிரியர்கள் 1877-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு படமுறை இருக்கிறது. படுக்கையாக ஒரு கோடு, அதை வெட்டும் ஒரு குறுக்குக்கோடு. இடப்பக்கம் எழுவாய், வலப்பக்கம் பயனிலை. வீட்டில் அவ்வளவுகூட வேண்டாம். வாக்கியத்தின் நடுவே பென்சிலால் ஒரு கோடு போதும்.

எங்கே போடுவது என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். “தி பாய் இன் தி ப்ளூ ஷர்ட் இஸ் மை கசின்” என்று கொடுத்தால், ‘பாய்’ முடிந்ததுமே கோடு விழும். அப்போது திட்டாமல், “ ‘ஹி’ன்னு மாத்திச் சொல்லிப் பாரு” என்று சொல்லலாம். “ஹி இஸ் மை கசின்” என்று வரும். ‘ஹி’ விழுங்கியது எதையெல்லாம்? ‘ப்ளூ ஷர்ட்’ வரைக்கும். அதுவரைதான் எழுவாய், கோடு அதற்குப் பிறகு.

முதலில் வருவதெல்லாம் எழுவாய் என்றும் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது. “லாஸ்ட் சண்டே வி வென்ட் டு தி பீச்” என்பதில் பீச்சுக்குப் போனது யார்? ஞாயிற்றுக்கிழமையா போனது? ‘வி’தான் எழுவாய். ‘லாஸ்ட் சண்டே’ முன்னால் நின்றாலும் பயனிலைப் பகுதியைச் சேர்ந்தது.

அந்த வீட்டில் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. விடுபட்ட ஹோம்வொர்க்கில் பத்து வாக்கியங்கள். அம்மா தோசை ஊற்றிக்கொண்டே ‘யாரு? எது?’ என்று கேட்க, மகள் வரிசையாகக் கோடு போட்டுக்கொண்டே வருகிறாள். பத்தாவதில் பென்சில் நின்றுவிடுகிறது. “ஈட் யுவர் ஃபுட்.”

“அம்மா, இதுல சப்ஜெக்ட்டே இல்லையே! புக்குல தப்பா போட்டுட்டாங்களா?”

“தப்பில்லடி. கட்டளை போடறப்ப மட்டும் இங்கிலீஷ்லயும் சப்ஜெக்ட் ஒளிஞ்சுக்கும்.”

“யாரு ஒளிஞ்சிருக்கா?”

“நீதான். தோசை ஆறுது, சாப்பிடு.”