காங்கோவுக்கு ஆளத் தெரியவில்லையாம்

‘ஆப்பிரிக்கர்களுக்கு ஆளத் தெரியாது, காங்கோவைப் பாருங்கள்’ என்று ஒரு பேச்சு வெகுகாலமாக நடமாடுகிறது. 1960 ஜூன் 30இல் விடுதலை. அடுத்த வாரம் ராணுவக் கலகம். அதற்கடுத்த வாரம் நாடு பிளவு. தேதிகளில் பிழையில்லை. பழியைச் சுமத்தும் இடத்தில்தான் பிழை.

பக்குவம் வருமுன் பெல்ஜியர்கள் அவசரப்பட்டு விடுதலை கொடுத்துவிட்டார்களாம். 1908 முதல் பெல்ஜிய அரசு நேரடியாக ஆண்ட நாட்டில் முதல் பல்கலைக்கழகம் 1954இல்தான் திறந்தது. விடுதலையின்போது பட்டதாரிகள் முப்பது பேர்கூடத் தேறவில்லை. முப்பது ஆண்டுத் திட்டம் போட்டு விடுதலைக்குத் தயார்செய்யலாம் என்று வான் பில்சன் என்ற பெல்ஜியப் பேராசிரியர் 1955இல் எழுதியதற்கே அவர் நாட்டில் பலர் கொதித்தார்கள். பக்குவம் வந்துவிடக்கூடாது என்று பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள்தான்.

அடுத்தது சிப்பாய்களின் ஒழுங்கீனம். சுமார் 25,000 பேர் கொண்ட படையில் காங்கோக்காரர் ஒருவர்கூட அதிகாரி இல்லை. ஜூலை 5 அன்று தளபதி யான்சென்ஸ், பெல்ஜியர், தலைநகரில் படையினரைக் கூட்டிவைத்துக் கரும்பலகையில் எழுதினார்: விடுதலைக்கு முன் = விடுதலைக்குப் பின். சமக்குறி போட்டே எழுதினார். கொடி மாறியது, பிரதமர் வந்தார், தங்கள் தோள்பட்டையில் மட்டும் எதுவும் மாறாது என்று சிப்பாய்களுக்குப் புரிந்தது. அன்றே தீஸ்வில் பாசறையில் கலகம் மூண்டது. அதில் வெள்ளையர் குடும்பங்கள் பட்ட பாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதை மூட்டியது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக இனப்பகை. இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஜூலை 11இல் தனிநாடு அறிவித்த கட்டங்கா, செம்பும் கோபால்ட்டும் கொட்டிக்கிடந்த மாகாணம். யூனியன் மினியேர் சுரங்க நிறுவனம் வரிப்பணத்தை மத்திய அரசுக்குக் கட்டாமல் கட்டங்காவின் தலைவர் ஷோம்பேயிடம் கட்டியது. அவர் படையை நடத்தியவர்கள் பெல்ஜிய அதிகாரிகள். கஜானாவின் பெரும்பங்கு இப்படிப் போனபின் எந்தப் பிரதமர் சம்பளம் கொடுப்பார்?

பிரதமர் லுமும்பாவும் அப்பழுக்கற்றவர் அல்லர். கசாய் மாகாணத்துக்கு அவர் அனுப்பிய படை அப்பாவிகளைக் கொன்றது. ஆனால் அவருக்குக் கிடைத்த அவகாசம் பத்து வாரம்கூட இல்லை. செப்டம்பர் 5இல் பதவி போயிற்று. 1961 ஜனவரி 17இல் கட்டங்காவில் சுட்டுக்கொன்றார்கள். தன் பங்குக்காகப் பெல்ஜியம் மன்னிப்புக் கேட்டது 2002இல்.

‘இந்தியா சமாளிக்கவில்லையா?’ என்பார்கள். 1937லேயே ராஜாஜி சென்னை மாகாணத்துக்கு வரவு செலவுத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். விடுதலையின்போது ஐ.சி.எஸ். அதிகாரிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்தியர்கள். காங்கோவில் மூன்றே நகரங்களில் நகராட்சிக்கு முதல் தேர்தல் நடந்தது 1957 டிசம்பரில்.