பத்து நிமிஷத்தில் என்ன குடி முழுகிவிடும்?

"உங்கள் கதையில் வருகிற அந்த டெலிவரிப் பையன் பொய். அவனுக்கு நீங்கள் நினைக்கிற கஷ்டம் எதுவும் கிடையாது. இஷ்டப்பட்டால் வேலைக்கு வருகிறான். இஷ்டமில்லாவிட்டால் போனை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறான். எந்த ஆபீஸ் குமாஸ்தாவுக்கு அந்தச் சுதந்திரம் இருக்கிறது?"

ஒரு வாசகி இப்படி எழுதியிருக்கிறார். கடிதத்தில் கோபம் இருக்கிறது, தெளிவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வருகிற கடிதங்கள் அபூர்வம். ஆகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மாதத்து மழை நாள். அடுப்பில் ரசம், வீட்டில் கொத்தமல்லி இல்லை. தெருமுனைக் கடைக்கு நடந்தால் ஐந்து நிமிஷம். ஆனால் மழையில் யார் நனைவது? என் மனைவி போனை எடுத்தாள். "நுரை கூடுவதற்குள் வந்துவிடும், பாருங்கள்" என்றாள். ஏறத்தாழ அப்படித்தான் வந்தது. கதவைத் திறந்தால், முப்பது வயதிருக்கும், தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட ஒருவர் நிற்கிறார். கையில் நனையாத ஒரு பை. அதற்குள் ஒரு கட்டுக் கொத்தமல்லி. எங்கள் வீடு நான்காவது மாடி. அவருக்கு மூச்சு வாங்கியது.

"லிஃப்ட் ஓடவில்லையா, தம்பி?"

"ஓடுது சார். கீழே போர்டு போட்டிருக்கு."

போட்டிருக்கிறது. 'டெலிவரி ஆட்கள் லிஃப்டை உபயோகிக்கக் கூடாது.' அதைத் தீர்மானித்த கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். மிக்ஸரும் காபியும் கொடுத்தார்கள். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிற அவசரத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. கதை எழுதும்போது அந்த லிஃப்டை மட்டும் ஜாக்கிரதையாக விட்டுவிட்டேன். அம்மணி, என் கதை பொய் என்று நீங்கள் சொன்னது அந்த அளவுக்கு உண்மைதான்!

மற்றதற்கு நான் வாதாடுகிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். யந்திரம் வரக் கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். மூட்டை சுமந்து முதுகெலும்பு தேய்கிறதில் எந்தக் காவியமும் இல்லை. 1956 ஏப்ரல் 26ஆம் தேதி அமெரிக்காவில் நியூவார்க் துறைமுகத்திலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்கிற கப்பல் 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. மால்கம் மெக்லீன் என்கிற லாரி முதலாளியின் யோசனை அது. ஆள் வைத்துச் சரக்கு ஏற்றினால் டன்னுக்கு ஆறு டாலருக்குச் சற்றுக் குறைவாக ஆகும். பெட்டியில் ஏற்றியபோது பதினாறு சென்ட்தான் ஆயிற்று என்பது கணக்கு. நம் சென்னைத் துறைமுகத்தில் பெட்டிகளுக்கென்றே தனி முனையம் 1983இல் வந்தது. இன்று நம் வீட்டில் இருக்கிற பாதிச் சாமான்கள் அந்தப் பெட்டிக்குள் ஏதாவது ஒரு கடலைத் தாண்டியவைதாம்.

மூட்டை தூக்கியவன் என்ன ஆனான்? எத்தனையோ துறைமுகங்களில் கூலியை இழந்து நடுத்தெருவில் நின்றான். ஆனால் ஒரு இடத்தில் வேறு மாதிரி நடந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஹாரி பிரிட்ஜஸ் என்பவர் தலைமையில் இருந்த துறைமுகத் தொழிலாளர் சங்கம் 1960இல் முதலாளிகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. 'யந்திரத்தைக் கொண்டுவாருங்கள், தடுக்கமாட்டோம். மிச்சமாகிற பணத்தில் எங்களுக்குப் பங்கு கொடுங்கள்' என்பது சாரம். முதலாளிகள் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் ஒரு நிதியில் போட்டார்கள். பதிவு பெற்ற தொழிலாளியை வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று உத்தரவாதம். ஓய்வு பெறுகிறவனுக்குப் பணம். பதிவு பெறாத தினக்கூலிகள் அதிலே விடுபட்டுப் போனார்கள் என்பது வேறு சோகம். என்றாலும், யந்திரம் மிச்சம் பிடித்ததில் மனுஷனுக்கு என்ன பாத்தியதை என்று ஒரு கேள்வி எழுந்ததே, அந்தக் கேள்வியை நம் ஊரில் யார் கேட்டார்கள்?

லாரிக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தது, விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் போயின. 2018இல் இ-வே பில். 2021இல் சுங்கச் சாவடியில் ஃபாஸ்டேக் கட்டாயம். எல்லாம் நல்லதுதான். லாரிக்கு நேரம் மிச்சம். அந்த மிச்ச நேரத்தில் டிரைவர் தூங்கினாரா? முன்பு சோதனைச் சாவடியில் நின்ற வரிசையில்தான் அவர் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்தார், அதுவும் போயிற்று. நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று மோட்டார் தொழிலாளர் சட்டம் 1961இலேயே எழுதி வைத்தது. நாமக்கல், திருச்செங்கோட்டுப் பக்கத்து டிரைவர் ஒருவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். விருந்தாளிக்குக் காட்டுகிற மரியாதையோடு சிரிப்பார். லாரி டிரைவர் உட்காருகிற இடத்துக்கு ஏ.சி. வேண்டும் என்பது 2025 அக்டோபரில்தான், அதுவும் புதிதாகச் செய்கிற லாரிகளுக்குத்தான், கட்டாயமாயிற்று.

இனி வாசகி சொல்கிற சுதந்திரத்துக்கு வருகிறேன்.

இந்த வாதம் புதிதல்ல. பீடிக் கம்பெனிக்காரர்கள் ரொம்ப நாள் சொன்ன வாதம் இது. 'நாங்கள் இலையும் தூளும் கொடுக்கிறோம். அந்தப் பெண்பிள்ளை தன் வீட்டுத் திண்ணையில், தனக்கு இஷ்டமான நேரத்தில் சுற்றுகிறாள். நடுவில் சமைக்கிறாள், குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். அவள் எப்படி எங்கள் தொழிலாளி?' கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் ஆயிரம் பீடிக்கு இத்தனை என்று கூலியை வைத்தவன் யார்? சுற்றியது சரியில்லை என்று கழித்துப் போட்டவன் யார்? நாளைக்கு இலை கிடையாது என்று சொல்லக்கூடியவன் யார்? 1966இல் பாராளுமன்றம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிற்று. வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று பீடித் தொழிலாளர் சட்டம் எழுதியது. முதலாளிகள் வழக்காடினார்கள், 1974இல் சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

இப்போது திண்ணைக்குப் பதில் மோட்டார் சைக்கிளை வையுங்கள். வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, போனும், போனுக்குப் போடுகிற பணமும் அவருடையது. ஆர்டருக்கு எவ்வளவு என்று வைக்கிறது கம்பெனி. ஏற்பதற்குச் சில விநாடி கொடுக்கிறது கம்பெனி. இத்தனை ஆர்டர் முடித்தால் இன்சென்டிவ் என்று ஆசை காட்டி, கடைசி இரண்டு ஆர்டருக்காக ராத்திரி பதினொரு மணி வரை தெருவில் நிறுத்துகிறது கம்பெனி. நாம் கோபத்தில் ஒரு ஸ்டார் போட்டால், ஐ.டி.யைப் பிளாக் செய்கிறது கம்பெனி. பழைய மேஸ்திரியிடமாவது காலில் விழலாம். கள்ளுக்குக் காசு கொடுத்துச் சரிக்கட்டலாம். போனுக்குள் இருக்கிற இந்த மேஸ்திரிக்கு முகமே இல்லை. போனை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் சுதந்திரம் அவருக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பட்டினி கிடக்கும் சுதந்திரத்தை எந்தச் சட்டமும் யாரிடமிருந்தும் பறித்ததில்லை!

'பத்து நிமிஷம் என்றால் வேகமாக ஓட்டச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடங்கு வைத்திருக்கிறோம்' என்று கம்பெனிகள் விளக்கம் சொல்கின்றன. இதில் உண்மை உண்டு. ஜன்னலும் பெயர்ப் பலகையும் வாடிக்கையாளரும் இல்லாத அந்த 'டார்க் ஸ்டோர்' நம் பேட்டைக்கு ஒன்று வந்துவிட்டது. உள்ளே ஆணும் பெண்ணும் போனைப் பார்த்துப் பார்த்து அலமாரி அலமாரியாக நடந்து பொருளை எடுத்துப் பையில் போடுகிறார்கள். ஜவுளிக் கடைகளில் நாள் முழுதும் நின்ற பெண்களுக்கு உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே, நினைவிருக்கிறதா? இங்கே நாற்காலி போட்டாலும் உட்கார நேரம் இருக்காது. தெருவில் ஓட்டுகிறவருக்கோ எண்ணிக்கைக்குக் கூலி. எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்துவிட்டு 'நிதானமாகப் போ' என்று சொல்வது, பசித்தவன் முன் இலையைப் போட்டுவிட்டு 'மெதுவாகச் சாப்பிடு' என்று உபதேசம் செய்கிற மாதிரி.

2025 டிசம்பர் கடைசியில் இவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2026 ஜனவரியில் மத்திய தொழிலாளர் அமைச்சர் கம்பெனிகளைக் கூப்பிட்டுப் பேசினார். 'பிளிங்கிட்' தன் விளம்பரத்திலிருந்து பத்து நிமிஷத்தை எடுத்துவிட்டது. நல்லது. ஆனால் விளம்பரத்திலிருந்து போனது நம் மனசிலிருந்து போயிற்றா?

சட்டமும் ஓரளவுக்கு அசைந்திருக்கிறது. ராஜஸ்தான் 2023இல் தனிச் சட்டம் போட்டது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் நல வாரியம் அமைந்தது. 2020இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்தது. கம்பெனிகள் தங்கள் வருஷ வியாபாரத்தில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை ஒரு நிதிக்குக் கொடுக்க வேண்டும். அதற்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. ஆனால் மணிக் கணக்கு, குறைந்தபட்சக் கூலி என்கிற பேச்சை அதில் தேடாதீர்கள். அவருக்கு 'கிக் தொழிலாளி' என்று பெயர் வைத்தாயிற்று. தொழிலாளி என்கிற சொல்லுக்கு உரிய அந்தஸ்தை மட்டும் வைக்கவில்லை. 2020-21இல் இப்படிப்பட்டவர்கள் 77 லட்சம் பேர், 2029-30க்குள் 2 கோடியே 35 லட்சம் ஆகலாம் என்று நீதி ஆயோக்கே மதிப்பிட்டிருக்கிறது. இரண்டு கோடிப் பேரைத் தொங்கலில் வைத்துக்கொண்டு ஒரு நாடு எத்தனை நாள் சௌகரியமாக ரசம் சாப்பிட முடியும்?

'வேலையாவது கிடைக்கிறதே!' என்பார்கள். கிடைக்கிறது. அதைக் கெடுக்க நான் யார்? கொத்தமல்லி வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அரை மணியில் வந்தாலும் வாங்குவோம் அல்லவா? ரசத்துக்கு ஒரு நாள் கொத்தமல்லி இல்லாவிட்டால் கறிவேப்பிலையோடு இறக்கிவிடுவாள் என் தாயார்; யாரும் எழுந்து போனதில்லை. இந்த அவசரம் நம்மிடம் இருந்ததே இல்லை. அதை நமக்குள் உண்டாக்கி, அதையே நமக்கு விற்று, விலையை வேறொருவர் உடம்பில் வசூலிக்கிறார்கள்.

எங்கள் சங்கத்துக் கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. போர்டை எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். செயலாளர் நல்ல மனிதர். வங்கியில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் யூனியன் கொடி பிடித்தவர். கடிதத்தைப் படித்துவிட்டு, "லிஃப்ட் அழுக்காகிறதே சார், கூரியர், காய்கறி, தண்ணீர் கேன் என்று நாளைக்கு எத்தனை பேர்?" என்றார்.

"நாம் கூப்பிட்டுத்தானே வருகிறார்கள்?" என்றேன்.

அவர் கடிதத்தை மடித்து ஃபைலில் வைத்துக்கொண்டார். நான் லிஃப்டில் இறங்கி வந்தேன். கீழே, தோளில் தண்ணீர் கேனோடு ஒருவர் படியேறத் தொடங்கியிருந்தார்.