வலைக் கட்சியா, வட்டக் கட்சியா?

புருஷர்களின் தாடியைப் பற்றிப் பெண்கள் பேசுவானேன் என்று உங்களில் சிலர் மோவாயில் கை வைப்பது எனக்குத் தெரிகிறது. பேச வேண்டியிருக்கிறது, சகோதரிகளே! பிறந்த நாளோ, தீபாவளியோ, கல்யாண நாளோ வந்துவிட்டால் வீட்டுக்காரருக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று மண்டையைக் குடைந்துகொள்பவர்கள் நாம்தானே? சட்டை எடுத்தால் அளவு சரியில்லை என்பார். கடிகாரம் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. கடைசியில் கடையின் கண்ணாடி அலமாரியில் பளபளவென்று வீற்றிருக்கும் எலெக்ட்ரிக் ஷேவரில் போய்க் கண் நிற்கிறது. விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. உயர்ந்த ரகம் என்றால் பதினையாயிரம், இருபதாயிரம், அதற்கு மேலும் போகிறது. அந்தப் பணத்துக்கு ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டியே வாங்கிவிடலாம்!

அவ்வளவு பணம் கொடுத்து வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்கலாம் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

முதலில் இந்தக் கருவி பிறந்த கதை. மலைக்கும் குளிருக்கும் இதற்கும் ஜன்மத் தொடர்பு உண்டு. ஜேக்கப் ஷிக் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி, ஓய்வு பெற்றபின் கனடாவின் பனி மலைகளில் தங்கம் தேடிப் போனாராம். அங்கே காலில் அடிபட்டுக் கூடாரத்தில் முடங்கிக் கிடந்தார். வாயிலிருந்து வரும் மூச்சே உறையும் குளிர். சவரம் செய்துகொள்ளத் தண்ணீர் வேண்டுமென்றால் பனிக்கட்டியை உருக்க வேண்டும். தண்ணீரும் சோப்பும் இல்லாமல் சவரம் செய்ய ஒரு யந்திரம் இருந்தால் என்ன என்று அப்போது தோன்றியதாகச் சொல்வார்கள். பல வருஷப் பாடுகளுக்குப் பின், 1931-ல் அவருடைய ஷேவர் கடைக்கு வந்தது. விலை 25 டாலர். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. பிறந்த நாள் முதலே இது கொஞ்சம் பணக்காரப் பிள்ளைதான்!

அதற்குப் பிறகு இரண்டு கட்சிகள் கிளம்பின. 1939-ல் ஹாலந்து தேசத்துப் பிலிப்ஸ் கம்பெனி, அலெக்ஸாண்டர் ஹோரோவிட்ஸ் என்ற எஞ்சினீயரின் யோசனைப்படி, சுழலும் கத்தி வைத்த ஷேவரைக் கொண்டுவந்தது. துளைகள் உள்ள வட்டத் தட்டுக்கு உள்ளே கத்தி ராட்டினம் போலச் சுற்றும். துளைக்குள் நுழையும் ரோமத்தை அது வெட்டித் தள்ளும். இதை "வட்டக் கட்சி" என்று வைத்துக்கொள்வோம். 1950-ல் ஜெர்மனியின் பிரௌன் கம்பெனி வேறு மாதிரி செய்தது. காகிதத்தைவிட மெல்லிய உலோக வலை. அதன் அடியில் கத்திகள் இப்படியும் அப்படியுமாக அதிரும். இது "வலைக் கட்சி". ஜப்பானின் பானாசோனிக்கும் இந்தக் கட்சிதான். இன்று கடையில் நீங்கள் பார்க்கும் உயர்ந்த ரக ஷேவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று கம்பெனிகளின் பெட்டியில்தான் வருகின்றன.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்களைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். நிமிஷத்துக்கு 40,000 வெட்டு என்று ஒருவர் கணக்குச் சொல்வார். 70,000 என்பார் இன்னொருவர். 1,50,000 என்பார் மூன்றாமவர். ஒவ்வொருவரும் தம் கத்திகளைத் தம் வழியில் எண்ணுகிறார்கள். கருணைக்கிழங்கை எடை போட்டும், வாழைக்காயை எண்ணியும் விற்றால் இரண்டையும் ஒப்பிட முடியுமா? அந்த மாதிரிதான் இதுவும். தாடி அடர்ந்த இடத்தில் மோட்டார் தானே வேகம் கூட்டிக்கொள்ளும் வசதி மூவரிடமும் இருக்கிறது. ஆகவே அதையும் விட்டுவிடுங்கள்.

பார்க்க வேண்டியது முகம், அப்புறம் பழக்கம். தினம் தவறாமல் சவரம் செய்துகொள்பவருக்கு வலைக் கட்சி ஏற்றது. முகத்தில் நேர்க் கோடாக மேலும் கீழும் இழுக்க வேண்டும். வழவழப்பாகச் சிரைக்கும், காதோரக் கிருதாவையும் மூக்கின் அடியையும் நறுக்கென்று முடிக்கும். ஆனால் மூன்று நாள் தாடி வளர்ந்துவிட்டால் நீண்ட ரோமம் அந்தச் சிறு துளைகளுக்குள் நுழைய அடம் பிடிக்கும். முதலில் டிரிம்மரால் குறைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளி, செவ்வாய், அமாவாசை என்று நாள் பார்க்கும் வீடுகளில் தாடி வளர்ந்துதானே கிடக்கும்? அப்படிப்பட்டவர்களுக்கும், கழுத்தில் ரோமம் சுழி சுழியாக வளருகிறவர்களுக்கும் வட்டக் கட்சி நல்லது. அதை முகத்தில் சிறு வட்டங்களாகச் சுற்ற வேண்டும். சத்தமும் குறைவு. மூக்கின் அடியில் மட்டும் அந்த உருண்டைத் தலை சற்றுத் தடுமாறும்.

இந்த வித்தியாசத்தை நான் கண்ணால் கண்டது ஏற்காட்டில். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சேர்வராயன் மலையில் சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கிறதே, அந்த ஏற்காட்டில்தான் என் அத்தை வீடு. சென்ற கார்த்திகையில் போய்ப் பத்து நாள் தங்கினேன். காப்பிப் பழம் சிவக்கும் பருவம். காலை ஒன்பது மணிக்கும் எதிர் வீடு தெரியாத மூடுபனி.

மாமா ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷம் மழையோ பனியோ, காலை ஆறு மணிக்குச் சவரம் முடித்து, வெள்ளைச் சட்டையுடன் வெளியே வருவார். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறார். வாரத்தில் இரண்டு நாள் முடிதிருத்துபவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். மழைக் காலத்தில் அவரால் மேடேறி வர முடியவில்லை. அத்தையே ரேஸரைக் கையில் எடுத்தாள்.

"ஒரே ஒரு கீறல்தான், கண்ணு. அரை மணி நேரம் பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ரத்தம் நிக்கவே இல்லை. எனக்கு உசிரே போச்சு" என்றாள்.

அன்று முதல் மாமா, "வேண்டாம், வளரட்டும்" என்று விட்டுவிட்டார். தாடி வளர்ந்தது. தாடியோடு வேறொன்றும் வளர்ந்தது. யாராவது பார்க்க வந்தால் திண்ணைக்கு வர மறுத்தார். தோட்டத்துப் பழைய சிநேகிதர்கள் வந்தால் தூங்குகிறார் என்று சொல்லச் சொன்னார். சேலத்து டாக்டர் இதைக் கேட்டுவிட்டு, "இந்த மருந்து சாப்பிடுகிறவர்களுக்குப் பிளேடு ஆகாது. எலெக்ட்ரிக் ஷேவர் வாங்குங்கள்" என்றார்.

சேதி கேட்டதும் வெளியூரிலிருக்கும் மகன் ஒரு ஷேவர் அனுப்பினான். மகளும் ஒன்று அனுப்பினாள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை! மகன் அனுப்பியது வலைக் கட்சி, மகள் அனுப்பியது வட்டக் கட்சி. இரண்டும் மேலான ரகம்.

முதலில் டிரிம்மரால் தாடியைக் குறைத்துவிட்டு, அத்தை வலை ஷேவரைப் பிடித்தாள். ஒரு கையால் கன்னத்துத் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கன்னம் இரண்டும் ஐந்து நிமிஷத்தில் சுத்தம். ஆனால் கழுத்தில், வயதினால் தோல் தளர்ந்த இடத்தில், அங்கங்கே ரோமம் தப்பிவிட்டது. மூன்று நாள் கழித்து மகளின் ஷேவரை எடுத்தார்கள். அத்தை அதை இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தபோது மாமா இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வலை ஷேவரென்றால் கோணம் பார்த்து நேராக இழுக்க வேண்டும். பழகாத இடது கைக்கு அது வராது. இதுவோ சும்மா சுற்றினால் போதும். அவரே சுற்றினார். இருபது நிமிஷம் ஆயிற்று. நடுவில் அத்தை உதவிக்கு எழுந்தாள். "நீ உட்காரு" என்றார் மாமா. மூக்கின் அடியில் கொஞ்சம் நின்றுவிட்டது. நிற்கட்டுமே! அன்று சாயங்காலம் நாற்காலியைத் திண்ணையில் போடச் சொன்னார்.

மகன் அனுப்பியதற்குப் புதுத் தலை மாற்றி, தினம் சவரம் செய்துகொள்ளும் மருமகப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் ஷேவரை இன்னொருவர் அப்படியே உபயோகிக்கக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்கள் வழியே நோய் பரவ இடமுண்டு.

வாங்கியவர்களுக்குச் சில யோசனைகள். நனைத்தும் உபயோகிக்கலாம் என்ற ஷேவராக இருந்தாலும், உலர்ந்த சவரம் செய்வதானால் முகம் கழுவுவதற்கு முன்பே செய்துகொள்வது நல்லது. தண்ணீர் பட்டால் தோல் சற்று உப்பும். ரோமம் உள்ளே பதுங்கும். ஏற்காடு, கோடைக்கானல் மாதிரி ஈரக் காற்று வீசும் இடங்களில் முகத்தைத் துணியால் ஒற்றி, சிட்டிகை பவுடர் தடவிக்கொண்டால் கருவி வழுக்கிக்கொண்டு போகும். குளிரில் தோல் சிலிர்த்துப் புள்ளி புள்ளியாக எழும்பியிருக்கும்போது அவசரப்பட வேண்டாம். சூடாக ஒரு காப்பி குடித்த பிறகு ஆகட்டும்! பிளேடிலிருந்து மாறுகிறவர்களின் தோல் இதற்குப் பழக மூன்று வாரம் போலப் பிடிக்கும். நாலாம் நாளே "உன் ஷேவர் எரிகிறது" என்று அவர் சண்டைக்கு வந்தால் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். கீழே போட்டு வலை நசுங்கிவிட்டால் மட்டும் பொறுக்கக் கூடாது. உடனே மாற்ற வேண்டும். நசுங்கிய வலை தோலைக் கிழிக்கும்.

மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். தண்ணீரில் நனைக்கலாம் என்ற ஷேவர்கள் பலவும், பாதுகாப்பை உத்தேசித்து, மின் கம்பியில் மாட்டியிருக்கும்போது ஓடாது. பாட்டரி தீர்ந்த சமயம் பார்த்து மின்சாரமும் போனால் அரைத் தாடியோடு ஆபீஸுக்குப் போக வேண்டியதுதான்! ஐந்து நிமிஷம் சார்ஜ் செய்தால் ஒரு சவரத்துக்குத் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

இனி பணக் கணக்கு. உயர்ந்த ரகத்தோடு, ஷேவரைத் தானே கழுவி உலர்த்தும் ஒரு மேடையும் வரும். சௌகரியம்தான். ஆனால் அதற்கான திரவத்தை அடிக்கடி வாங்க வேண்டும். சிலவற்றில் அந்தத் திரவம் சாராயம் கலந்தது. திறந்து வைத்தால் கோடையில் ஆவியாகப் பறந்துவிடும். கையிலிருக்கும் ஷேவர் நனைக்கத் தக்கதானால் குழாய்த் தண்ணீரில் கழுவி, உலரவிட்டு, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் இட்டாலே போதும். மேடை வேண்டாம் என்றால் விலையில் ஒரு பகுதி மிச்சமாகும்.

அடுத்து, கத்தித் தலை. ஒன்றரை வருஷம், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று பிரௌன், பிலிப்ஸ் கம்பெனிகளே சொல்கின்றன. பானாசோனிக்கில் வலையை வருஷத்துக்கு ஒரு தடவையும் கத்தியை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையும் மாற்றச் சொல்வார்கள். உயர்ந்த ரகத்துக்கு அந்தத் தலையே சில ஆயிரம் ஆகும். ஆகவே அந்த மாதிரிக்கு மாற்றுத் தலை நம் ஊரில் கிடைக்கிறதா என்று வாங்குமுன்பே விசாரியுங்கள். தலை கிடைக்காத ஷேவர் அலமாரியில் பொம்மையாக நிற்கும். அமெரிக்காவிலிருந்து தம்பி கொண்டுவருகிறேன் என்றால் கருவியின் அடியில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்நிய தேசத்து உத்தரவாதச் சீட்டு பெரும்பாலும் இங்கே செல்லாது என்பதும் நினைவிருக்கட்டும்.

என் அபிப்பிராயம் இதுதான். தோல் நல்லபடியாக இருந்து, பிளேடு பழக்கத்தில் சந்தோஷமாக இருக்கும் மனிதருக்கு இருபதாயிரம் செலவழிப்பது வெறும் ஆடம்பரம். பிளேடு சிரைக்கிற நெருக்கம் எந்த யந்திரத்துக்கும் சுலபத்தில் வராது. சாதாரணமாக ஒரு ஷேவர் இருந்தால் போதும் என்பவருக்கு நாலைந்து ஆயிரத்து ரகமே வேலை செய்துவிடும். ஆனால் கை நடுங்கும் தகப்பனாரோ, ரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடும் மாமனாரோ, சர்க்கரை வியாதியால் புண் ஆறாத கணவரோ வீட்டில் இருந்தால் ஷேவரை ஆடம்பரக் கணக்கில் எழுதாதீர்கள். மருந்துக் கணக்கில் எழுதுங்கள். அப்போதும் விலையைப் பார்த்து வாங்க வேண்டாம். அவர் கையில் எது அடங்குகிறது, எதன் சத்தம் அவருக்குப் பிடிக்கிறது என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. பரிசுப் பெட்டியைக் காகிதத்தில் சுற்றி ஒளித்து வைத்துத் திடீரென்று நீட்டுவது சினிமாவில் அழகாக இருக்கும். இந்தச் சாமானுக்கு அது வேண்டாம். முகம் அவருடையது, தினம் காலையில் அதைக் கண்ணாடியில் பார்ப்பவரும் அவர்தான். கடைக்குப் போகும்போது அவரையும் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். நடக்க முடியாதவரானால், "எப்படிப்பட்டது வேண்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.