அறிவுக்கு ஆண் பெண் உண்டோ?

"பெண் மூளை கணக்கிற்கு ஏலாது, அறிவியலே கூறிவிட்டது" என முழங்குவோர் நம்மிடையே உளர். எந்த அறிவியல்? 2005-இல் அமெரிக்க உளவியலறிஞர் ஜேனட் ஹைட் 46 தொகுப்பாய்வுகளை ஒருங்கே நிறுத்துப் பார்த்தார். ஆண் பெண் வேறுபாடுகளென அளக்கப்பட்டவற்றுள் 78 விழுக்காடு மிகச் சிறியவை, அல்லது இல்லையென்றே சொல்லத்தக்கவை. கணிதத் திறனும் பெரும்பாலும் அவ்வகையே. எறியும் வேகம் போன்ற சிலவற்றிலேயே பெரும் இடைவெளி. கல்லெறியும் கைவேகத்தைக் காட்டியா கல்விக்கூடத்தின் கதவைச் சாத்துவது?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஸஹாபாக்கள் மார்க்கச் சட்டம் கேட்டுத் தெளிந்தனர். மக்காவில் கரீமா அம்மையார் ஸஹீஹுல் புகாரி ஓதிக்கொடுக்க, கதீபுல் பக்தாதி போன்ற பேரறிஞர் அமர்ந்து கேட்டனர். மூளையை அளந்துவிட்டா அமர்ந்தனர்?

பெற்றோரே! மகளின் படிப்பை நிறுத்துவது உம் விருப்பமெனில் அவ்வாறே கூறுக. அறிவியல் மீதும் மார்க்கத்தின் மீதும் பழி சுமத்தாதீர்!